மூன்றரை மணிக்குக் குதித்த கதை

அன்புள்ள நண்பா,

நான் பயணம் முடிந்து வந்த அன்றே உன் கடிதமும் கைக்கு வந்தது. முட்டிவலி குறைந்து மறுபடி மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. அடுத்த மாதம் நீயும் 6 வாரம் வெளிநாடு போகிறாய், பழகிய உடற்பயிற்சி அங்கே விட்டுப்போகுமோ என்று கவலைப்படுகிறாய். ஒவ்வொரு பயணத்திலும் அதைக் கோட்டை விட்டவன் நான். என்னிடம் போய்க் கேட்கிறாயே! ஆனால் இந்த முறை 24 நாளில் 17 நாள் செய்திருக்கிறேன், கொஞ்சம் பேச உரிமை உண்டு.

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மேற்கே போனதால் முதல் நாள் விடியற்காலை 3.30 மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. சரி, சும்மா இருப்பானேன் என்று அறைக்குள்ளேயே குதிக்க ஆரம்பித்தேன். நாற்பது குதி முடிவதற்குள் தொலைபேசி அடித்தது. "ஐயா, உங்கள் அறையில் ஏதாவது விழுந்துவிட்டதா? கீழ் அறையில் இருப்பவர் கேட்கிறார்." இல்லை, பெட்டி சாய்ந்துவிட்டது என்று புளுகிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஓட்டலின் அடித்தளத்தில் இருந்த ஜிம்முக்குப் போனேன். டிரெட்மில்லில் வழக்கம்போல 8 என்று அழுத்தினேன். பட்டை என் காலுக்கடியில் பறந்தது! கைப்பிடியைப் பிடித்து, இரண்டு காலையும் ஓரத்தில் ஊன்றித் தப்பித்தேன். அங்கே கணக்கு மைலில். 8 மைல் என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். இன்னொன்றையும் சொல்கிறேன், சிரிக்காதே. 20 என்று போட்டிருந்த டம்பெல்லை ஒரே கையில் அலட்சியமாகத் தூக்கிவிட்டு, பலம் கூடிவிட்டதே என்று பூரித்துப் போனேன். அது பவுண்டு. 9 கிலோதான்.

அப்புறம் ஜிம்மையே மறந்துவிட்டேன். பல் தேய்த்த பிறகு, குளிக்கும் முன்னால், 20 நிமிடம். இதுதான் என் ஏற்பாடு. எந்த ஊரில் இருந்தாலும் பல் தேய்க்கத்தானே போகிறோம்? தரையில் துண்டை விரித்து, முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல அசையாமல் வைத்திருக்கும் பிளாங்க், காலைக் கட்டில்மேல் வைத்துத் தண்டால், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமலே உட்கார்ந்திருப்பது, நின்று உட்காரும் ஸ்குவாட். தோள் பையில் புத்தகங்களை அடைத்து மாட்டிக்கொண்டால் அதுவே எடை. சத்தமே வராது, கீழ் அறைக்காரரும் தூங்கலாம்.

முன்பெல்லாம் நான் தோற்றது எதனால் தெரியுமா? ஊரில் செய்வதை முழுசாக அங்கேயும் செய்ய நினைப்பேன். ஒரு நாள் முடியாமல் போனால், போச்சு என்று மொத்தமாக விட்டுவிடுவேன். வெளியூரில் வளர்க்க வேண்டியதில்லை, இருப்பதைக் காப்பாற்றினால் போதும். உடம்பின் பலம் இரண்டு மூன்று வாரத்தில் ஒன்றும் கரைந்துவிடாது. மூச்சுத் தெம்பு கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், இரண்டு வாரம் சும்மா இருந்தாலே தெரியும். நாளைக் குறைக்கலாம், நேரத்தையும் குறைக்கலாம். செய்கிற 20 நிமிடத்தில் மட்டும் சோம்பக் கூடாது.

"ஊர் சுற்றுவதே பயிற்சிதானே" என்று எழுதியிருக்கிறாய். அது பாதி உண்மை. என் போன் ஒரு நாள் 18,000 காலடி காட்டியது, நானும் அதைச் சாக்காக வைத்துப் படுத்துவிட்டேன். ஆனால் அதில் பெரும்பகுதி அருங்காட்சியகத்தில் ஊர்ந்தது. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது என்று சொல்வது மூச்சு சற்று வாங்கும்படியான வேலையைத்தான். அதோடு வாரத்துக்கு இரண்டு நாள் தசைக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது. எவ்வளவு நடந்தாலும் தோளுக்கும் முதுகுக்கும் வேலை கிடைக்காதே. (நாளைக்கு 10,000 காலடி என்கிற கணக்கு கூட 1960-களில் ஜப்பானில் விற்ற ஒரு நடையளக்கும் கருவியின் பெயரிலிருந்து பரவியதுதான்.)

உனக்கு மூன்று விஷயம். விமானத்தில் நடைபாதை ஓரத்து இருக்கை கேள். அவ்வப்போது எழுந்து நட, உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை ஏற்றி இறக்கு. ஷூவைக் காலில் போட்டுக்கொண்டே ஏறிவிடு. பெட்டியில் வைத்தால், எடை கூடிவிட்டது என்று முதலில் வெளியே எடுப்பது அதைத்தான். போய் இறங்கிய முதல் இரண்டு நாள் கடுமையாக எதுவும் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் நடந்தால் போதும். நீ போவது கிழக்கே என்பதால் தூக்கம் சரியாக அதிக நாள் ஆகும். எனக்கே திரும்பி வந்த வாரம்தான் திண்டாட்டம், இரவு இரண்டு மணி வரை கண் மூடவில்லை.

புறப்படும் தேதியை எழுது. கதவில் மாட்டி இழுக்கும் ரப்பர் பட்டை ஒன்று புதிதாக வாங்கி அனுப்புகிறேன், சுருட்டினால் சட்டைப்பையில் அடங்கிவிடும். என்னுடையதைத் தரலாம் என்றால் ஓரத்தில் கீறல் விழுந்திருக்கிறது, அறுந்தால் நேரே மூக்கில்தான் அடிக்கும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்