ஞாயிறு மாங்குளத்தில கம்பஸ் அப்ளிகேஷன் உதவி, எல்லாரும் வாசிங்கோ

வணக்கம் எல்லாருக்கும்.

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்த பிள்ளையளுக்கு பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப உதவுறதெண்டு கதைச்சனாங்கள் தானே, அது வாற ஞாயிறு காலமை 9 மணிக்கு, மாங்குளம் சந்திக்குக் கிட்ட உள்ள சனசமூக நிலையத்தில.

போன முறை ஒட்டுசுட்டான் பக்கத்தால வந்த ஒரு பிள்ளை, கொமினிகேஷன் கடையில நிரப்பின படிவத்தின்ர கொப்பியை நாலா மடிச்சுக் கொண்டு வந்தவ, பாத்தா அவ ஆசைப்பட்ட விவசாய பீடம் விருப்ப வரிசையில பதினோராவதா கிடக்கு. மேல போட்டது கிடைச்சா கீழ உள்ளதைப் பாக்க மாட்டினம் எண்டு ஆரும் சொல்லேல்லை. அண்டைக்கு முழுக்க எனக்கு மனசு சரியில்லை.

உயிரியல், கணிதம், வணிகப் பிரிவுகளுக்கு பல்கலைக்கழக இடங்களில 40 வீதம் நாடு முழுக்க திறமையில, 55 வீதம் மாவட்ட கோட்டா, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு, அதில எங்கட முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் எல்லாம் அடங்கும். படிச்சு வந்த நாங்கள் தான் இதை விளங்கப்படுத்தோணும்.

1. லப்டொப் உள்ள ஆக்கள் டேட்டா போட்டுக் கொண்டு வாங்கோ.
2. பிள்ளையள் அடையாள அட்டை, ரிசல்ட் ஷீற் கொண்டு வரோணும், தெரிஞ்ச ஆக்களுக்குச் சொல்லுங்கோ.
3. அறிவியல் நகர் (யாழ் பல்கலைக்கழகத்தின்ர கிளிநொச்சி வளாகம்), பம்பைமடுவில (வவுனியா பல்கலைக்கழகம்) படிச்ச ஆக்கள் கட்டாயம் வாங்கோ, பாடநெறி பற்றி நிறையக் கேப்பினம்.
4. துணுக்காய், முள்ளியவளைப் பிள்ளையளுக்கு வான் பிடிக்கிறம், ஏலுமானதைத் தாங்கோ.

வெள்ளி இரவு 8 மணிக்கு முதல் வாறன், வரேல்லை எண்டு இதில போடுங்கோ. சாப்பாட்டுக்குக் கணக்குச் சொல்லோணும்.