வாய்க்கால் கரையில் நாயோடு ஒரு சுற்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொங்குச் சீமைக்குக் கடற்கரை இல்லை. நாயோடு காலார நடக்க நமக்கு வாய்த்தது வாய்க்கால் கரைதான். ஆனால் பலரும் போன கரையிலேயே திரும்பி வருகிறார்கள். கீழ்பவானி வாய்க்காலுக்கு மேல்புறம் மேட்டுக்காடு, கீழ்புறம் நெல்லும் மஞ்சளும் விளையும் பாசனப் பூமி. ஒரு பாலத்தில் தொடங்கி இரண்டு கிலோமீட்டர் கரையோடு போய், அடுத்த பாலத்தில் மேல்புறம் இறங்கி, இட்டேரி (இருபுறமும் வேலி உள்ள மண்பாதை) வழியாகத் திரும்பினால் நாலைந்து கிலோமீட்டர் சுற்று கிடைக்கும். நாய் மோந்து மோந்து வர ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். கரையில் நிழல் இல்லை. ஆகவே கரை முதலில், இட்டேரி பிறகு. வெயில் ஏறும்போது கிளுவை வேலியும் வேம்பும் கைகொடுக்கும்.

வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறப்பார்கள். டிசம்பர் வரை ஓடும். ஜனவரிக்குப் பிறகு விட்டுவிட்டு வரும். தண்ணீர் ஓடும் நாளில் நாயை அவிழ்த்துவிடவே கூடாது. இறங்குவது சுலபம், பாசி பிடித்த சரிவில் நகம் பிடிக்காது, ஏற முடியாது. இழுத்துப் போனால் பின்னால் குதிக்காமல், கரையோடு ஓடி அடுத்த படித்துறையில் நின்று கூப்பிடுவதே வழி. கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டை நல்லது. தூக்கவும் பிடி கிடைக்கும். கயிறு ஆறடி போதும்.

இனி ஆட்டுச் சங்கதி. காங்கயம், வெள்ளக்கோயில், சென்னிமலைப் பக்கம் தெருநாய்கள் கடித்து ஆடுகள் செத்ததும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொறங்காட்டில், அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், மேய்ப்பவர் இருக்க வேண்டியதில்லை, வேலிதான் காவல். வேலிச் சந்தில் நாய் நுழைந்தால் கடிக்கவே வேண்டாம், துரத்தினாலே சினையாடு குட்டி வீசிவிடும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டைநாய்கள் ஓடுகிற எதையும் விடா. அவற்றை எவ்வளவு பழக்கியிருந்தாலும் கயிற்றில்தான் கொண்டுபோக வேண்டும். படலைத் திறந்தால் அப்போதே மூடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கேடும் உண்டு. நாயின் குடலில் இருக்கும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை, அதன் கழிவோடு மேய்ச்சல் புல்லில் விழுகிறது. அதைத் தின்ற ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி வளர்ந்து, ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிச் சாகும். கறிக்கடையில் வாங்கிய தலையைப் பச்சையாகப் போட்டால் புழு மறுபடி நாய்க்கு வரும். வேகவைத்துப் போடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து கொடுங்கள், காட்டில் நாய் கழித்ததைப் பையில் அள்ளி வாருங்கள். இதைச் செய்யாமல் தோட்டத்துக்காரர் முறைக்கிறார் என்று குறைப்படுவது நியாயமில்லை.

வயல் ஓரம் தேங்கிய நீரை நாய் குடிக்கக் கூடாது. எலி மூத்திரம் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். இருபது கிலோ நாய்க்கு ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு கிண்ணமும் கையோடு இருக்கட்டும். எலிக்கு மருந்து வைத்த வரப்பில் கீழே கிடப்பதை வாய் வைக்க விடாதீர்கள். வெறிநாய்த் தடுப்பூசி வருடம் தவறக் கூடாது.

வீடு திரும்பியதும் காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவாதீர்கள், தோலை ஒட்டிப் பிடித்து இடுக்கியால் நேராக இழுத்தால் தலையோடு வந்துவிடும். ஊசிப்புல்லும் நெருஞ்சியும் அதே இடுக்குகளில்தான் ஒளிந்திருக்கும்.

வெள்ளோடு, நஞ்சராயன் குளம் இரண்டும் பறவைகள் சரணாலயங்கள். அங்கே இந்தச் சுற்றெல்லாம் வேண்டாம்.

ஊராட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். நடைபாதை போடுகிறோம் என்று இட்டேரிகளுக்குத் தார் ஊற்றி, கிளுவையை வெட்டிவிடாதீர்கள். சித்திரை வெயிலில் காலை ஒன்பது மணித் தாரில் புறங்கையை ஏழு எண்ணும்வரை வைத்துப் பாருங்கள், நாயின் பாதம் படும் பாடு புரியும். செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் பாலத்துக்குப் பாலம் ஒரு பலகை வைக்கட்டும்: தண்ணீர் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓடும், அடுத்த படித்துறை எத்தனை மீட்டரில்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெருந்துறை வட்டம்