கல்லூரி நல்லிணக்க மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, மன்றத்தின் ஆசிரிய, அலுவலக, மாணவ உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். முடிந்த கல்வியாண்டின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிய மாணவர் வரவேற்பு நடந்தது. பேச்சுப்போட்டியும் கட்டுரைப்போட்டியும் நடந்தன, பரிசுகள் வழங்கப்பட்டன. செயற்குழு முறைப்படி கூடியது. பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வெழுதித் தரும் தன்னார்வலர் பட்டியல் புதுப்பிக்கப்பட்டது. மன்றக் கூட்டங்கள் மாடி அரங்கிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றப்பட்டன. சக்கர நாற்காலியில் வரும் உறுப்பினர் இப்போது யாரையும் தூக்கிவிடச் சொல்லாமல் வந்து போகிறார்.

இனி, இந்த ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட வேலைக்கு வருகிறேன். சாதி, மதம், மொழி, பாலினம், உடல் திறன், குடும்ப வசதி ஆகியவற்றில் தம்மிலிருந்து வேறுபட்டவர்களைப் பற்றி இந்த வளாகத்தில் இருப்பவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய மன்றம் நடத்திய கருத்தாய்வு அது. "இதற்கு ஓராண்டா? பேசாமல் ஒரு கலைவிழா நடத்தியிருக்கலாமே" என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு விரிவாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கலைவிழா நடந்தால் எல்லோரும் ஒரே மேடையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், ஆய்வகத்தில் யாரை யார் குழுவில் சேர்த்துக்கொள்வதில்லை என்பதை அந்தப் படம் சொல்லாது. நமக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

கேள்வித்தாள் தயாரிப்பில்தான் அதிக நேரம் போனது. முதலில் வந்த யோசனைகளில் பாதி, "எல்லோரையும் சமமாக மதிக்கிறீர்களா?" என்ற வகையைச் சேர்ந்தவை. இதற்கு 'இல்லை' என்று யார் எழுதுவார்? சொல்லும் செயலும் ஒன்றல்ல என்பதை ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் 1934-லேயே காட்டிவிட்டார். சீனத் தம்பதியர் ஒருவருடன் அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றி, இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தார். ஒரே ஓர் இடத்தில்தான் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, "சீனர்களை அனுமதிப்பீர்களா?" என்று கேட்டபோது, பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் 'மாட்டோம்' என்றார்கள். அங்கே தாளில் இருந்த வெறுப்பு நேரில் வரவில்லை. கல்லூரிகளில் இது பெரும்பாலும் தலைகீழ்: தாளில் எல்லோரும் தாராளமாக இருக்கிறோம், இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் வேறு முகம் தெரிகிறது. எப்படிப் பார்த்தாலும் மனப்பான்மையை மட்டும் கேட்டு நடத்தையைக் கணித்துவிட முடியாது.

அதனால் கேள்விகளை நடத்தையின் பக்கம் திருப்பினோம். எமரி போகார்டஸ் 1920-களில் உருவாக்கிய சமூகத் தொலைவு அளவுகோல் இதற்கு உதவியது. ஒரு பிரிவினரைத் திருமண உறவாக ஏற்பீர்களா, நண்பராக ஏற்பீர்களா, பக்கத்து வீட்டுக்காரராக ஏற்பீர்களா, நாட்டுக்குள் விடுவீர்களா என்று படிப்படியாகக் கேட்பது அவர் முறை. நாம் அதை வளாகத்துக்கு ஏற்ப மாற்றினோம்: ஒரே வகுப்பில் படிக்கச் சம்மதமா, ஒரே ஆய்வக மேசையில் வேலை செய்யவா, பாடக்குறிப்புகளைக் கொடுத்து வாங்கவா, விடுதியில் ஒரே அறையில் தங்கவா, வீட்டுக்கு அழைத்துப்போகவா. வகுப்பு வரை எல்லோருக்கும் சம்மதம். அறை என்று வரும்போது பலருக்குப் பேனா தயங்கியிருக்கிறது. அந்தத் தயக்கம் எந்தப் படியில் தொடங்குகிறது என்று தெரிந்தால்தான் எந்தப் படியில் வேலை செய்வது என்று முடிவெடுக்கலாம்.

இன்னும் கூச்சமான கேள்விகளும் இருந்தன. "ஒருவருடைய சாதியையோ மதத்தையோ வைத்துக் கேலி செய்யும்போது நீங்களும் சேர்ந்து சிரித்ததுண்டா?" என்பது அவற்றில் ஒன்று. இதை நேரடியாகக் கேட்டால் உண்மை வராது. ஸ்டான்லி வார்னர் 1965-ல் இதற்கு ஒரு வழி கண்டார். அதிலிருந்து வந்த எளிய வடிவத்தை நாம் எடுத்துக்கொண்டோம். பதில் எழுதுபவர் யாரும் பார்க்காமல் ஒரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், கேள்வி எதுவானாலும் 'ஆம்' என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். ஒரு தாளில் 'ஆம்' என்று இருந்தால் அது நாணயத்தின் ஆமா, மனிதரின் ஆமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தத்தில் கணக்கு வந்துவிடும். 200 பேர் எழுதி 130 'ஆம்' வந்தால், ஏறக்குறைய 100 நாணயம் போட்டவை; மீதி 100 பேரில் 30 பேர் உண்மையாகவே ஆம் என்கிறார்கள்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு, அதை உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிப் பதில்கள் நாணயத்துக்குப் போய்விடுவதால், மேலே சொன்ன எடுத்துக்காட்டில் நேரடிக் கேள்வி தரும் அதே துல்லியம் கிடைக்க நான்கு மடங்குக்கும் அதிகமான பேர் தேவை. அதாவது ஆள் குறைந்தால் இந்த ஆய்வு தாங்காது. ஆள் குறைந்தது. தாள்களைத் தங்கள் துறையில் கொடுத்து வாங்கித் தருவதாகப் போன பொதுக்குழுவில் கைதூக்கியவர்களில் பலர் பிறகு கண்ணில் படவில்லை. தொலைபேசியில் அழைத்தால் "அடுத்த வாரம்" என்றார்கள். சில துறைகளிலிருந்து கட்டு பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. நாணயக் கேள்வியின் முடிவைத் துறைவாரியாகத் தர முடியாமல் போனதற்குக் காரணம் முறையல்ல, உறுப்பினர்களின் வராமை.

இது வெறும் எண்ணிக்கைப் பிரச்சினையும் அல்ல. இதுபோன்ற ஆய்வில் தானாக முன்வந்து எழுதுபவர்கள் ஏற்கெனவே இந்த விஷயத்தில் அக்கறை உள்ளவர்கள். எழுதாதவர்களின் மனதில் இருப்பதுதான் நமக்குத் தெரியாமல் போகிறது. கலந்துரையாடல்களிலும் அதே கதைதான்: வந்த முகங்களே மறுபடி வந்தன. வர வேண்டியவர்கள் வரவில்லை என்று வந்தவர்களிடம் சொல்லி என்ன பயன்?

கிடைத்ததை வைத்துச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். "வளாகச் சூழல் எல்லோருக்கும் இணக்கமாக இருக்கிறது" என்ற வாக்கியத்துக்குச் சராசரியாக நல்ல மதிப்பெண்தான். ஆனால் அந்தச் சராசரி பெரும்பான்மையினரின் குரல். தம்மைச் சிறுபான்மையாக உணரும் மாணவர்களைத் தனியாகப் பார்த்தால் விடை கீழே இறங்குகிறது. ஒரு மூத்த உறுப்பினர், "இல்லாத பிரச்சினையை மன்றம் கிளப்புகிறது" என்றார். அவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்பது உண்மை. அதனால்தான் அவரிடம் மட்டும் கேட்டால் போதாது. பத்துப் பேருக்குக் குறைந்த எந்தப் பிரிவின் முடிவையும் நாம் தனியாக வெளியிடவில்லை. ஒரு வகுப்பில் ஒரே ஒரு திருநங்கை மாணவர் இருந்தால், அந்த வரி அவருடைய பெயரைப் போட்டது போலாகிவிடும். முழு அட்டவணை வேண்டும் என்று அழுத்தியவர்களுக்கு என் பதில் இப்போதும் அதுவே.

நடைமுறையில் ஒன்றைச் செய்து பார்த்தோம். ஆய்வகக் குழுக்களை மாணவர்களே சேர்த்துக்கொள்ளும் இடங்களில் ஒரே மாதிரியானவர்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டு வகுப்புகளில் ஆசிரியர்கள் சீட்டு எடுத்துக் குழு பிரித்தார்கள். வேறுபட்டவர்கள் பழகினால் முன்முடிவு குறையும், அதற்குச் சம நிலை, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் உதவும் என்று 1954-ல் கார்டன் ஆல்போர்ட் சொன்னார். 2006-ல் பெட்டிக்ரூவும் டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பழக்கம் பொதுவாக முன்முடிவைக் குறைக்கிறது, அந்த நிலைமைகள் அமைந்தால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்று கண்டார்கள். ஆய்வக மேசையில் நான்கையும் கொண்டுவர முடியும், ஆசிரியர் மனம் வைத்தால். மதிப்பெண் குழுவுக்குப் பொதுவாக இருக்க வேண்டும், 'குறிப்பெடுப்பவர்' வேலை எப்போதும் ஒரே ஆளுக்குப் போகக் கூடாது. சீட்டெடுத்த இரண்டு வகுப்புகளிலும் முதலில் முணுமுணுப்பு இருந்தது, அப்புறம் அடங்கியது. இதை எல்லாத் துறைகளுக்கும் கொண்டுபோக நிர்வாகத்திடம் மனு கொடுத்திருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

வரவு செலவைப் பொறுத்தவரை, இருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. பெரும் செலவு கேள்வித்தாள் அச்சுக்கு. விவரங்கள் பொருளாளரிடம் உள்ளன, விரும்புவோர் பார்க்கலாம். சந்தா பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. சிலர் சென்ற ஆண்டுக்கும் சேர்த்து. அச்சுச் செலவில் ஒரு பங்கைச் செயற்குழுவினர் சிலர் கையிலிருந்து போட்டார்கள். மாணவ உறுப்பினர்கள் தவணையாகக் கட்டலாம் என்ற வசதி ஏற்கெனவே உண்டு. அதை அவர்கள்தான் பயன்படுத்துகிறார்கள். சம்பளம் வாங்கும் உறுப்பினர்கள்தான் பாக்கி.

முதல்வர் அவர்களுக்கும், அனுமதி தந்த துறைத் தலைவர்களுக்கும், அறை திறந்துவிட்ட அலுவலக ஊழியர்களுக்கும், கேள்விகளை வேற்று மொழி மாணவர்களுக்காக மொழிபெயர்த்துத் தந்தவர்களுக்கும், இரவு வரை உட்கார்ந்து தாள்களை எண்ணிய மாணவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. செயலாளர் பொறுப்புக்கு வேறொருவர் வரலாம் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. யார் வந்தாலும் மகிழ்ச்சியோடு கோப்புகளை ஒப்படைக்கிறேன். ஆனால் ஆய்வின் இரண்டாம் சுற்று நடந்தே ஆக வேண்டும். ஒரு முறை மட்டும் அளந்தால் இன்றைய நிலை தெரியும். நிலை மாறுகிறதா என்பது அதே கேள்விகளை மறுபடி கேட்டால்தான் தெரியும். இதற்குத் துறைக்கு இருவராவது வேண்டும்: ஒருவர் ஆசிரியர், ஒருவர் மாணவர். கைதூக்கினால் போதாது, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத வேண்டும். அந்தத் தாள் வாசலருகே பொருளாளர் மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்