மார்ச்சுக்கு எங்கே போவது, மாப்ளே?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வேலை, குளிர், பிள்ளைகளின் பரீட்சை என்று காரணம் அடுக்கப் போவதில்லை. உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்வை தெளிந்ததும் முதல் வேலையாக வீடியோ காலில் என் தாடியைத் திட்டினாள். நம் பூச்சிப் பயல் வேலை மாறி ஒஹாயோ போய்விட்டான். அதே டிரக், அதே நாற்றம். உன் தோள்பட்டை எப்படி இருக்கிறது? துப்பாக்கி உதைப்பதைத் தாங்குமா? டாக்டரைக் கேட்காமல் எனக்குப் பதில் எழுதாதே.

இனி வான்கோழி வேட்டை விஷயம். "அடுத்த மார்ச், அலபாமா, சீசன் திறக்கிற அன்றைக்கே, மறுபேச்சு கிடையாது" என்று எழுதியிருந்தாய். மறுபேச்சு இருக்கிறது, நிறைய இருக்கிறது.

உன் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. இங்கே மிச்சிகனில் ஏப்ரல் பாதி தாண்டினால்தான் வான்கோழிச் சீசன். மார்ச்சில் கொல்லையில் பனி கட்டிதட்டிக் கிடக்கும். ஒரு சேவல் கூவிக் கேட்க மாட்டோமா என்று காது ஏங்கும். டெக்சாஸில் இருந்துகொண்டு இவன் ஏன் ஊர் ஊராய் அலைகிறான் என்று பூச்சி உன்னைப் பற்றிக் கேட்டான். அங்கே ரியோ கிராண்டே வகை வான்கோழி மந்தை மந்தையாய்த் திரிந்தாலும், நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தனியார் கையில் இருக்கிறது, பொது நிலம்தான் நமக்கு வாய்த்தது என்று சொன்னேன். குத்தகைக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட நீயும் தயாரில்லை, நானும் தயாரில்லை. கம்பிவேலிக்கு வெளியே நின்று கூவல் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நாம் போய்வந்த காலம் வேறு, மாப்ளே. அன்றைக்கு மார்ச் 15 என்றால் மிசிசிப்பி, ஹோமோசிட்டோ காடு, கையில் லைசென்ஸ், அவ்வளவுதான். இப்போது அங்கே சீசனின் முதல் இரண்டு வாரம் பொது நிலத்தில் வெளிமாநிலத்தான் இறங்க வேண்டுமானால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். உன் அலபாமா திறப்பை மார்ச் 25க்குத் தள்ளிவிட்டது. ஒருவருக்கு ஐந்து சேவல் என்று இருந்தது நான்காகிவிட்டது. முதல் 10 நாளுக்குப் பார்வைக் கோழி, அதாவது சேவலை இழுக்கும் பொம்மைக் கோழி, வைக்கவும் கூடாது. (நமக்கு வேட்டை சொல்லிக்கொடுத்த கிழவர் அதை 'டெக்காய்' என்பார். நம் ஊரில் கவுதாரிக்கு வைக்கிற பார்வைதான் இது என்று அவருக்கு விளக்க நாம் பட்ட பாடு!) ஜார்ஜியா 2022லிருந்து ஏப்ரல் ஆரம்பத்துக்குப் போய்விட்டது, அதிலும் தனியார் நிலம் முதலில், பொது நிலம் ஒரு வாரம் கழித்து. டென்னசி 2023இல் இரண்டு வாரம் தள்ளியது. மேற்கே போகலாம் என்றால் நெப்ராஸ்கா வெளிமாநிலத்தாருக்கு 10,000 பெர்மிட் என்று வரம்பு கட்டிவிட்டது, கன்சாஸிலும் நமக்குக் குலுக்கல்தான். அவை எப்படியும் மார்ச்சுக்கு ஆகாது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சேம்பர்லின் என்ற பேராசிரியர் வான்கோழிகளுக்கு ஜிபிஎஸ் கட்டிப் பல வருடமாகப் பின்தொடர்கிறார். பெட்டைகள் முட்டையிடத் தொடங்கும் முன்பே கூட்டத்தின் தலைச்சேவலைச் சுட்டுவிட்டால் இனச்சேர்க்கையே குழம்பிப்போகிறது என்பது அவர் வாதம். தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் திறப்பைப் பின்னுக்குத் தள்ளியதில் இந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. தாமதம் செய்தால் குஞ்சு பெருகுமா என்பதில் ஆய்வாளர்களே ஒருமுகமாக இல்லை. ஆனாலும் பெட்டை அடைகாக்கப் போகும்வரை சேவலை விட்டுவை என்று ஒருவன் சொன்னால் அதில் நியாயம் தெரிகிறதுடா. சினைமீன் பிடிக்கக் கூடாது என்று உன் தாத்தா சொன்னதும் அதுதானே.

இனிமேல் எழுதப்போவதை வீட்டில் சொல்லவில்லை. பூச்சிக்கும் தெரியாது.

போன வசந்தத்தில் நான் தனியாகப் போனேனே, தெற்கே ஒரு தேசியக் காடு. எந்த மாநிலம் என்பது இருக்கட்டும். குலுக்கலும் இல்லை, ஆள் கணக்கும் இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். திறப்பு நாள் காலை நாலரை மணிக்கு வண்டி நிறுத்த இடமில்லை. பதினோரு வண்டி எண்ணினேன், ஒன்பது வெளிமாநிலம். நம் ஊர் மீன்பிடித் திருவிழா ஞாபகம் வந்தது: ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் எட்டூர்க்காரனும் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு கண்மாயில் விழுவான் இல்லையா, அதே கூட்டம். ஆனால் இங்கே ஒவ்வொருவன் கையிலும் துப்பாக்கி.

ஒன்றரை மைல் நடந்து ஒரு தடித்த பைன் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். நான் ஆந்தை மாதிரிக் குரல் கொடுத்ததும் ஓடைக்கு அந்தப் பக்கம் மரத்தில் அடைந்திருந்த சேவல் பதிலுக்குக் கூவியது. உடம்பே சிலிர்த்துவிட்டது. விடிந்தது, அது இறங்கியது, சத்தம் நின்றது. நான் ஸ்லேட்டுக் கல்லில் குச்சியைத் தேய்த்து மெதுவாகப் பெட்டைக் குரல் எழுப்பினேன். இடது பக்கமிருந்து இன்னொரு பெட்டை பதில் சொன்னது. நான் தேய்க்க அது பேச, இருபது நிமிடம் போயிருக்கும். பிறகு அந்தப் பக்கத்துப் புதரில் சருகு நொறுங்கியது. ஒரு அடி. நிற்கிறது. இன்னொரு அடி. வான்கோழியும் அப்படித்தான் நடக்கும், உனக்குத் தெரியும். கண்ணை மட்டும் திருப்பினேன். இருபத்தைந்து தப்படி தூரத்தில் இலைக்கு நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். துப்பாக்கிக் குழலின் வாய்.

என் கால்சட்டை முழங்காலுக்கு ஏறி வெள்ளைச் சாக்ஸ் நாலு விரற்கடை வெளியே தெரிந்துகொண்டிருந்தது. கிழவர் நமக்கு முதல் நாள் சொன்ன பாடம் என்ன? சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் காட்டுக்குள் கூடாது, சேவலின் தலை அந்த மூன்று நிறம்தான். கையை ஆட்டாதே, எழுந்திருக்காதே, அசையாமல் உரக்கக் கத்து. கத்தினேன். ஆங்கிலம் வரவில்லை மாப்ளே. "ஏய், மனுசன்டா!" என்று தமிழில் கத்தினேன். அந்தக் குழல் உடனே இறங்கியது. இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசுப் பையன், பெட்டையாகப் பதில் சொன்னது அவன்தான். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விரலை டிரிகரில் வைத்துவிட்டேன் சார், சாக்ஸைத் தலை என்று நினைத்தேன் சார் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பன்னிரண்டு மணிநேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறான், ஒரே ஒரு நாள் லீவு. என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். அவன் கையும் நடுங்கியது, என் கையும் நடுங்கியது.

அன்றைக்கே கிளம்பிவிட்டேன். உன் கடிதம் மே மாதம் வந்தது. "திறப்பு நாளன்றே" என்ற வரிக்கு மேல் படிக்க முடியவில்லை, மடித்து வைத்துவிட்டேன்.

ஆனால் விட்டுவிட மனசு இல்லை. ஆறு மாதம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனிமேல் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை ஏக்கர், எத்தனை கோழி என்று பார்ப்பதற்கு முன், உள்ளே எத்தனை ஆளை விடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதனால் ஃப்ளோரிடா போவோம். கிரீன் ஸ்வாம்ப்.

நாட்டிலேயே முந்திக்கொண்டு திறக்கிற மாநிலங்களில் ஒன்று ஃப்ளோரிடா. ஸ்டேட் ரோடு 70க்குத் தெற்கே மார்ச் முதல் சனிக்கிழமை, வடக்கே மூன்றாவது சனிக்கிழமை. கிரீன் ஸ்வாம்ப் வடக்கே வருகிறது. சுமார் 50,000 ஏக்கர், கோட்டா பெர்மிட் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். குலுக்கலில் இத்தனை பேர் என்று கணக்கு. விண்ணப்பத்தை இப்போதே போட வேண்டும், மார்ச்சில் ஞாபகம் வந்து பிரயோஜனமில்லை. முதல் வாரத்துக்கு நான் கேட்க மாட்டேன், இரண்டாவது வாரத்துக்குக் கேட்போம். பெட்டைகள் ஒவ்வொன்றாகக் கூட்டுக்குப் போகத் தொடங்கினால் ஒன்பது, பத்து மணி வாக்கில் சேவல் தனியாய்த் திரியும். அப்போது கூப்பிட்டால் வரும். பொது நிலத்தில் மதியம் ஒரு மணிக்கு மேல் சுடக் கூடாது. உனக்கு மதியத் தூக்கம் உண்டு, சந்தோஷப்படு. சாயங்காலம் சைப்ரஸ் மரங்கள் ஓரமாக நின்று, எந்த மரத்தில் வந்து அடைகின்றன என்று காது கொடுத்துக் கேட்கலாம்.

செலவையும் பார்த்துவிட்டேன்: வெளிமாநில வான்கோழி பெர்மிட் 125 டாலர், பத்து நாள் லைசென்ஸ் 46.50, மேனேஜ்மென்ட் ஏரியா பெர்மிட் 26.50. அலபாமாவோடு ஒப்பிட்டு ஒரு வரி எழுதுவாய், எழுதாதே.

அங்கே இருப்பது ஆசியோலா வான்கோழி. ஃப்ளோரிடா தீபகற்பத்தை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. நம் வடக்கத்திக் கோழியைவிடச் சிறிசு, இறக்கையில் வெள்ளைப் பட்டை குறைவு, கறுத்திருக்கும், கால்முள் நீளம். செமினோல் பழங்குடித் தலைவர் ஆசியோலாவின் பெயரை 1890இல் அதற்கு வைத்தார்கள். சமாதானக் கொடியை நம்பிப் பேச வந்த இடத்தில் 1837இல் அவரைப் பிடித்து, சிறையிலேயே சாகவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த மண்ணில் துப்பாக்கியோடு நடக்கும்போது கொஞ்சம் அடக்கமாக நடப்போம்.

நாலு ஆறு பிறக்கிற சதுப்பு அது. மழை பெய்திருந்தால் பாதி வழி முழங்கால் தண்ணீர். பால்மெட்டோ என்று ஒரு புதர், நம் வடலி மாதிரியே விசிறி ஓலை, மட்டையில் கருக்கு, இடுப்பு உயரத்துக்கு மண்டியிருக்கும். டைமண்ட்பேக் பாம்பு அதற்குள்தான் படுக்கும். பாம்புக்கு முட்டிவரை பூட்ஸ், கொசுவுக்கு முகவலை. உண்ணிக்குத் துணியில் மருந்து அடித்துக் காயவைத்துக் கொண்டுவா, போன தடவை மாதிரி என் துணியைக் கேட்காதே.

குலுக்கலில் விழாவிட்டால் ஜார்ஜியா, பொது நிலம் திறந்து ஒரு வாரம் கழித்து. முதல் சனிக்கிழமை நான் வர மாட்டேன். நீ என்ன கெஞ்சினாலும் சரி.

ஒரே ஒரு நிபந்தனை. இருவரும் ஒரே மரத்தடியில் உட்காருவோம், ஒருவர் முதுகு ஒருவருக்கு. ஒருவன் கூப்பிட, ஒருவன் பார்க்க. கிளம்பும்போது ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். சுட்ட கோழியைத் தூக்கி வருவதானால் ஆரஞ்சுத் துணியில் சுற்றித்தான். தாமதமாகும், பாரம் என்று முனகாதே.

கிழவர் இப்போது பேசுவதில்லையாம், மகள் போன் செய்தாள். கையில் எதையாவது கொடுத்தால் தேய்த்துக்கொண்டே இருக்கிறாராம். அவருடைய பாக்ஸ் கால், அந்தப் பெட்டைக் குரல் தேய்க்கும் மரப்பெட்டி, உன்னிடம்தானே இருக்கிறது? வரும்போது எடுத்து வா. ஃப்ளோரிடா போகும் வழியில் அவரைப் பார்த்து அதைக் கையில் கொடுத்து ஒரு தடவை தேய்க்கச் சொல்வோம். மூடிக்குப் போடும் சாக்பீஸ் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி