ஜெர்மனி ஹாலேயிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

போனில் பேசினால் "பேப்பர் வந்துச்சா"விலேயே பாதி நேரம் போய்விடுகிறது, அப்புறம் எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், புதுக் கண்ணாடி வரும்வரை நீங்கள் கண்ணைக் கசக்க வேண்டாம்.

இங்கே நர்ஸாக வேலை பார்க்க அனுமதிக்கிற அந்த அங்கீகாரப் பேப்பர் வரவில்லை. வெளிநாட்டில் படித்த நர்ஸ் என்றால் ஜெர்மன் மொழியில் பி2 என்ற நிலைத் தேர்வில் தேற வேண்டும், அதோடு நாம் படித்த பாடங்களை, எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்பது வரை, இவர்கள் படிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து எங்கே குறைகிறது என்று எழுதித் தருவார்கள். அந்தக் குறையைப் பயிற்சியாகவோ தேர்வாகவோ முடித்தால்தான் நர்ஸ். அதுவரை நான் உதவியாள், சம்பளமும் அதற்குத் தக்கதுதான். ஐசியு-வில் வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்தவளுக்கு இங்கே முதியோர் வார்டில் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பல் செட்டைக் கழுவிக் கொடுப்பது, டயபர் மாற்றுவது. நம் ஊரில் இதெல்லாம் அட்டெண்டரும் கூட இருக்கும் சொந்தக்காரர்களும் செய்வார்கள். இங்கே முழு நர்ஸும் இதைத்தான் செய்கிறார், ஐவி ஊசி குத்துவது பெரும்பாலும் டாக்டர் வேலை. அது தெரிந்த பிறகு எனக்கு மனது கொஞ்சம் சமாதானமானது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "இந்த மாதம் உனக்குத் திறந்த வாசலின் மாதம்" என்று வருகிற வீடியோக்களை இனி எனக்கு அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு மாதமும் வாசல் திறக்கிறது, மாதம் முடிந்ததும் அடுத்த வீடியோ வருகிறது, பேப்பர் தருகிற அலுவலகத்தின் வாசல் மட்டும் வாரத்தில் சில நாள்தான் திறக்கிறது. புது வருஷ ராத்திரி ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையைக் குறை சொல்லவில்லை, அது வேறு. அதே மாதிரி இவர்களிடமும் ஒன்று இருக்கிறது. ஹெர்ன்ஹூட் என்ற ஊரிலிருந்து 1731 முதல் வருஷா வருஷம் அச்சாகி வருகிற சின்னப் புத்தகம், நாளுக்கு ஒரு பழைய ஏற்பாட்டு வசனம், சீட்டுப் போட்டு எடுத்தது. நான் போகிற சபையில் ஒரு பாட்டி எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். எந்த ஆபீஸ் எப்போது கையெழுத்துப் போடும் என்று அதில் இல்லை, இருப்பது அன்றைக்கு வாசிக்க ஒரு வசனம், அவ்வளவுதான்.

யாக்கோபு நிருபத்தை இப்போது மறுபடி வாசிக்கிறேன். விசுவாசத்தின் பரீட்சை பொறுமையை உண்டாக்கும் என்று சொன்ன கையோடு, ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்கிறார். சின்ன வயதில் அந்த வசனத்தைப் பரீட்சைக்கு முந்தின நாள் ஜெபமாகத்தான் நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். ஆனால் அங்கே பேச்சு மார்க்கைப் பற்றியே இல்லை. காத்திருக்க வேண்டிய நேரத்தில் ஒழுங்காகக் காத்திருக்கவே ஞானம் வேண்டியிருக்கிறது. பேப்பரைச் சீக்கிரம் கொடும் என்று கேட்பதை நான் விடவில்லை, ஆனால் டூட்டிக்குக் கிளம்பும்போது இன்றைக்கு எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்று காட்டும் என்றும் சேர்த்துக் கேட்கிறேன்.

அதற்குக் கர்த்தர் எனக்குக் கொடுத்த வாத்தியார் யார் தெரியுமா? சர்ச்சுக்கே போகாத ஒரு பெண்மணி. எங்கள் வார்டு சீனியர், கிழக்கு ஜெர்மனி காலத்தில் வளர்ந்தவர், சபையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற திடப்படுத்தலுக்குப் பதிலாக அன்றைய அரசு பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நடத்திய சடங்கில் நின்றவர். இந்தப் பக்கம் பெரும்பாலான ஜனங்கள் எந்தச் சபையிலும் இல்லை. வார்டில் ஞாபகம் தப்பிய ஒரு அம்மா இருக்கிறார். சாயங்காலமானால் கோட்டை மாட்டிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பார்கள், நான் போகணும் என்று கதவுக்குப் போய்விடுவார். புதிதாக வந்த பையன் ஒருவன், உங்கள் பிள்ளைகளுக்கே பேரப்பிள்ளைகள் வந்தாச்சு என்று சொல்லப் போய், அந்த அம்மா கைப்பையாலேயே அவனை ஒரு போடு போட்டார். சீனியர் வந்தார், கோட்டைக் கழற்றச் சொல்லவில்லை, கதவுப் பக்கத்து பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு என்ன சமைக்கப் போறீங்க என்று கேட்டார். உருளைக்கிழங்கு. எத்தனை பேருக்கு? எப்படித் தோல் சீவுவீங்க? வெங்காயம் போடுவீங்களா? கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே பட்டனைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு நடந்தார். பரத்திலிருந்து வரும் ஞானம் சாந்தமும் இணக்கமும் உள்ளது என்று யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறதே, அதை நான் பார்த்தது அந்த பெஞ்சில்தான். இது நம் போதகருக்குப் பிடிக்குமோ என்னவோ, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அப்புறம், நீங்கள் கேட்ட இடத்துக்குப் போய் வந்துவிட்டேன். தரங்கம்பாடிக்காரி ஹாலேயில் இருந்துகொண்டு நம் ஊர் மிஷனுக்குத் துணை நின்ற போதகர் பிராங்கேயின் அனாதை விடுதியைப் பார்க்கவில்லை என்றால் ஊரில் சிரிப்பார்கள். பெரிய மஞ்சள் கட்டடம், உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கிற இரண்டு கழுகுகள், கீழே ஏசாயா 40:31, நம் வீட்டுக் காலண்டரில் இருக்கிற அதே "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ". மேல்மாடி அருங்காட்சி அறையில் முதலை ஒன்று கூரையிலிருந்து தொங்குகிறது. இங்குள்ள ஆவணக் காப்பகத்தில் நம் ஊரிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகளையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கு வந்த மிஷனெரி சீகன்பால்குவின் அச்சகத்துக்கு முதல் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியதும் இந்த ஊர்தான்.

சீகன்பால்குவை நாம் ஜெயித்தவராகவே கொண்டாடுகிறோம். 1706-ல் வந்தார், 1715-ல் புதிய ஏற்பாடு அச்சானது, 1718-ல் புதிய எருசலேம் ஆலயம், எல்லாம் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம். ஆனால் பாஷை தெரியாமல் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினாரே, கோட்டைத் தளபதி அவரைச் சுமார் நான்கு மாதம் சிறையில் போட்டாரே, 1719-ல் சாகும்போது வயது 36, பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் மொழிபெயர்த்திருந்தாரே, எனக்கு இப்போது அதெல்லாம்தான் பெரிதாகத் தெரிகிறது. மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனெரி ஷுல்ட்சே, அதையும் திருத்தித் திருத்தி உழைத்தவர் இன்னொரு மிஷனெரி பப்ரிசியுஸ். முடியாத வேலையை வைத்துவிட்டுப் போவதும் விசுவாசத்தில் சேர்த்திதான் போல. அரியர் பேப்பரை நினைத்துத் தம்பி சோர்ந்திருந்தால் அவனிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் பிரசங்கம் மாதிரிச் சொல்லாதீர்கள், ஓடிவிடுவான்.

இன்னொரு வேலையும் அவனுக்கு இருக்கிறது. நான் படித்த கல்லூரிக்குப் போய் பாடவாரியாக மணிக்கணக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வேண்டும், கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டுத் தந்தால் இங்கே ஏற்கமாட்டார்கள். காலையிலேயே போகச் சொல்லுங்கள், மத்தியானத்துக்கு மேல் அங்கே கிளார்க் இருக்கமாட்டார். ஸ்கேன் செய்து முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு கூரியர் போட்டால் போதும்.

சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறீர்களா, பின்னாலா? அடுத்த தடவை போனில் முதலில் அதைச் சொல்லுங்கள்.

அன்பு மகள்