கொல்லப்பட்டவர் உயிரோடு வந்து நின்றால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் 'கோதம்', 'தி பெங்குவின்' ஆகிய இரண்டு அமெரிக்கத் தொடர்களையும் ஒப்பிட்டு ரசிகர்கள் நடத்திய விவாதத்தை முழுப் பக்கத்துக்கு வெளியிட்டிருந்தீர்கள். பேட்மேன் காமிக்ஸில் வேர்விட்ட குற்றத் தொடர்களுக்கு ஒரு நாளிதழ் இவ்வளவு இடம் கொடுத்ததில் மகிழ்ச்சி. ஆனால் பேசியவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "பேட்மேன் இல்லாமல் என்ன பேட்மேன் கதை?" என்பதுதான் 'கோதம்' மீது அவர்கள் வைத்த முதல் குற்றச்சாட்டு. கடைசிக் குற்றச்சாட்டும் அதுவே. குற்றச்சாட்டு தவறாக வனையப்பட்டிருக்கிறது என்பது என் தாழ்மையான ஆட்சேபம்.

நான் குற்றவியல் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். யார் யாரைக் கொன்றார் என்பதைக் காட்டிலும், அதை யார் எப்படி நிரூபித்தார் என்பதில்தான் என் காது நிற்கும். காமிக்ஸ் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அண்ணன் மகன் புண்ணியத்தில் கிடைத்தது.

'கோதம்' 2014 செப்டம்பர் 22 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 2019 ஏப்ரல் 25 அன்று நூறாவது பகுதியோடு முடிந்தது. அதன் முடிச்சுகளை அவிழ்ப்பதற்குத் தடை சொல்லும் காலவரம்பு கடந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன். பார்க்காதவர்கள் அடுத்த கடிதத்துக்குப் போய்விடலாம்.

முதலில் பேட்மேன் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். 1939இல் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ஆம் இதழில் பேட்மேன் முதன்முதலாக வந்த கதையை எடுத்துப் பாருங்கள். அது ஆணையர் கார்டனின் வீட்டில் தொடங்குகிறது. பின்னால் பேட்மேன் என்று தெரியவரும் பணக்காரர் புரூஸ் வேய்ன் அங்கே சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். கொலைச் செய்தி தொலைபேசியில் கார்டனுக்குத்தான் வருகிறது. முகமூடிக்காரர் கதைக்குள் வருவது அதற்குப் பிறகுதான். ஆக, இந்தக் கதையுலகத்தின் வாசலைத் திறந்துவைத்தவரே ஒரு போலீஸ்காரர். அந்தப் போலீஸ்காரர் இளைஞராக இருந்த காலத்தை வைத்து ஒரு தொடர் எடுத்தால் அதில் என்ன குறை? காமிக்ஸிலேயே அதற்கு முன்னுதாரணம் உண்டு. கிரெக் ருக்காவும் எட் புரூபேக்கரும் எழுதி 2003 முதல் 2006 வரை 40 இதழ்கள் வந்த 'கோதம் சென்ட்ரல்' முழுக்க முழுக்கக் காவல் துறையினரின் கதை. பேட்மேன் அதில் ஓரமாக வந்துபோகிறவர்தான். அதன் முதன்மைப் பாத்திரங்களான ரெனே மொன்டோயாவும் கிறிஸ்பஸ் ஆலனும் தொலைக்காட்சித் தொடரில் முதல் பருவத்தோடு காணாமல் போனார்கள் என்று விவாதத்தில் ஒரு வாசகர் வருந்தியிருந்தார். அந்த வருத்தத்தில் மட்டும் எனக்கும் பங்கு உண்டு.

இனி நான் சொல்ல வந்த வழக்கு. முதல் பகுதியில் புரூஸின் பெற்றோர் சந்தில் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். கொலைகாரன் முகத்தை மூடியிருக்கிறான். கண்ணெதிரே பெற்றோரைப் பறிகொடுத்த சிறுவன் கார்டனிடம் சொல்லும் அடையாளங்களில் ஒன்று, அவனுடைய காலணி பளபளவென்று இருந்தது என்பது. முகம் தெரியாத வழக்கில் சாட்சி இப்படித்தான் பேசுவார். மனம் போய் ஒட்டிக்கொண்ட ஒரு சின்னப் பொருளைத்தான் சொல்வார். காவல் துறை விரைவிலேயே மாரியோ பெப்பர் என்ற ஏழையைக் கண்டுபிடிக்கிறது. அவன் வீட்டில் திருமதி வேய்னின் முத்துமாலை கிடைக்கிறது. துரத்தலில் கார்டனின் சக துப்பறிவாளர் ஹார்வி புல்லக் அவனைச் சுட்டுவிடுகிறார். குற்றவாளியும் இல்லை, விசாரணையும் இல்லை, எல்லோருக்கும் பாராட்டு. பிறகு கார்டன் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் பளபளக்கும் காலணி எதுவும் இல்லை. முத்துமாலை ஃபிஷ் மூனி என்ற பெண் தாதா வைக்கச் சொன்னது. ஒரு சான்றுப் பொருள் பொய் சொல்கிறது, இல்லாத ஒரு பொருள் உண்மை சொல்கிறது. தொலைக்காட்சியில் இப்படி ஒரு புலனாய்வைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அதே பகுதியின் முடிவில் துறைமுக மேடை. காவல் துறைக்குத் துப்புக் கொடுத்த ஆஸ்வால்ட் காபிள்பாட்டை, அதாவது பின்னாளைய பெங்குவினை, கொன்று தன் விசுவாசத்தை நிரூபிக்கவேண்டும் என்று கார்டனுக்குக் கட்டளை. கட்டளையிட்டது மாஃபியா தலைவர் ஃபால்கோன். சற்றுத் தள்ளி புல்லக் பார்த்துக்கொண்டிருக்கிறார். கார்டன் காபிள்பாட்டின் தலைக்குப் பக்கத்தில் வெற்றிடத்தைச் சுட்டு, அவனைத் தண்ணீரில் தள்ளிவிடுகிறார். கார்டனாக நடித்த பென் மெக்கன்ஸியின் தாடை இறுகுவதைப் பாருங்கள். காபிள்பாட்டாக நடித்த ராபின் லார்ட் டெய்லர் உயிருக்குக் கெஞ்சும் குரலைக் கேளுங்கள். கொலை செய்யாமலேயே கொலைகாரன் என்ற பெயரைச் சுமக்க ஒப்புக்கொள்கிறார் கார்டன். இதைவிட நல்ல தொடக்கம் ஒரு குற்றக் கதைக்கு வாய்க்காது.

அந்தப் பொய்க்கு ஆறாவது பகுதியில் வாய்தா முடிகிறது. மொன்டோயாவும் ஆலனும் காபிள்பாட் கொலைக்காகக் கார்டனைக் கைது செய்கிறார்கள். தான் வேலை பார்க்கும் நிலையத்திலேயே அவர் கைதியாக நிற்கிறார். அந்த நேரம் பார்த்து, நொண்டிக்கொண்டே காபிள்பாட் உள்ளே நுழைந்து தன் பெயரைச் சொல்கிறான். கொல்லப்பட்டவர் உயிரோடு வந்து நின்றால் கொலை வழக்கு அந்த நொடியே செத்துப்போகும். ஆனால் கார்டனின் கழுத்தைச் சுற்றிய கயிறு இறுகுவதும் அந்த நொடியில்தான், ஏனெனில் இப்போது ஃபால்கோனுக்கு உண்மை தெரிந்துவிட்டது. ஏழாவது பகுதியில் ஃபால்கோனின் ஆள் விக்டர் ஸாஸ் அதே நிலையத்துக்குள் வந்து, கார்டனைத் தவிர மற்றவர்கள் வெளியே போகலாம் என்கிறான். துப்பாக்கி வைத்திருக்கும் அத்தனை காவலர்களும் போய்விடுகிறார்கள். ஓர் ஊரின் காவல் துறை விலைபோய்விட்டது என்பதைக் காட்ட வசனம் எதற்கு? காலியாகும் அறை போதும். பிறகு கார்டனைக் காப்பாற்ற வருவது யார் தெரியுமா? அவரைக் கொலைகாரர் என்று கைது செய்த அதே இரண்டு பேர்.

பகுதியின் இறுதியில்தான் முடிச்சு அவிழ்கிறது. தன்னைக் கொல்லும் வேலையைக் கார்டனிடம் கொடுக்கச் சொல்லி ஃபால்கோனிடம் கேட்டுக்கொண்டவனே காபிள்பாட்தான். அந்த ஆள் சுடமாட்டார் என்று ஒரே பார்வையில் எடைபோட்டிருக்கிறான். 'தி பெங்குவின்' வந்த பிறகு 'கோதம்' தொடரைச் சிறுபிள்ளை விளையாட்டு என்கிறவர்கள் இந்த ஏழு பகுதிகளை மறுபடி பார்த்துவிட்டுப் பேசட்டும்.

விவாதத்தில் கலந்துகொண்ட இளைஞர்கள் வயதுக் கணக்கில் நிறைய மை செலவழித்திருந்தார்கள். புரூஸ் சிறுவனாக இருக்கும்போதே வில்லன்கள் நடுவயதை எட்டிவிட்டார்களாம், ஐவி பெப்பர் திடீரென்று வளர்ந்துவிட்டாளாம். உண்மைதான். போகட்டும்.

எனக்கு உள்ள மனத்தாங்கல் வேறு. இரண்டாவது பருவத்தில் தியோ காலவன் என்ற கயவன் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறான். அவனிடம் சிறைப்பட்டிருந்த முன்னாள் மேயர் சாட்சிக் கூண்டேறி, தன்னைக் கடத்தியது காபிள்பாட் என்று பொய் சொல்கிறார். காலவன் விடுதலை. நூறு பகுதிகளில் நீதிமன்றம் அத்திபூத்தாற்போல வந்த தொடரில் இது அருமையான காட்சி. ஏனென்றால் அடுத்து வருவதற்கு அதுதான் காரணம். சட்டம் கைவிட்ட இடத்தில் கார்டன் தானே தண்டனை கொடுக்கிறார். காபிள்பாட் பக்கத்தில் நிற்க, காலவனைச் சுட்டுக் கொல்கிறார். துறைமுக மேடையில் வேண்டுமென்றே குறி தவறிய அதே மனிதர் இப்போது குறி தவறவில்லை. இங்கேதான் தொடர் தன் உயரத்தைத் தொட்டது. இனி இந்த மனிதர் எப்படி ஒருநாள் நாம் நம்பும் ஆணையர் ஆவார் என்ற கேள்வியோடு மீதிப் பருவங்களை ஓட்டியிருக்கலாம்.

ஓட்டவில்லை. ஆர்க்கம் மனநல மருத்துவமனையின் அடியில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஹ்யூகோ ஸ்ட்ரேஞ்ச் என்ற மருத்துவர் காலவனை உயிர்ப்பித்து, கையில் வாளோடு வெளியே அனுப்புகிறார். காபிள்பாட் நிலையத்துக்குள் வந்து நின்றபோது நான் எழுந்து உட்கார்ந்தேன். காலவன் எழுந்து வந்தபோது தொலைக்காட்சியை அணைத்துவிடலாமா என்று தோன்றியது. முன்னது ஒரு பொய்யை உடைத்தது. பின்னது ஒரு குற்றத்தை ரத்து செய்தது. அதற்குப் பிறகு ஃபிஷ் மூனி வந்தாள், ஜெரோம் வந்தான், பார்பரா வந்தாள், புட்ச் வேறு உருவத்தில் வந்தான். பிணக் கிடங்கிலிருந்து திரும்பிவருவது வேலைக்குப் போய் வீடு திரும்புவதைப் போல ஆகிவிட்டது. செத்தவர் செத்தவராக இருக்கும்வரைதான் கொலைக்கு எடை உண்டு. அந்த எடையை எடுத்துவிட்டுக் குற்றத் தொடர் என்று பெயர் வைத்துக்கொள்ள முடியாது.

இதை அண்ணன் மகனிடம் சொன்னால், "அத்தை, இது காமிக்ஸ். காமிக்ஸில் யாரும் நிரந்தரமாகச் சாவதில்லை" என்கிறான். அது காமிக்ஸின் வழக்கமாக இருக்கலாம். முதல் ஏழு பகுதிகளில் அந்த வழக்கத்தை ஒதுக்கிவைக்கத் தெரிந்தவர்களுக்குப் பிறகு ஏன் தெரியாமல் போயிற்று என்று கேட்டேன். ராபின் லார்ட் டெய்லர் நடிப்புக்காகவாவது பார் என்று பேச்சை மாற்றிவிட்டான்.

நடிப்புக்காகவும், நான்காவது பருவத் தொடக்கத்துக்காகவும் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதில் காபிள்பாட் குற்றம் செய்வதற்கு உரிமம் வழங்குகிறான். கொள்ளைக்காரன் உரிமத்தைக் காட்டினால் காவலர் கை வைப்பதில்லை. குற்றங்கள் குறைந்துவிட்டன என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் திருப்தி. கார்டன் ஒருவர்தான் முகம் சுளிக்கிறார். அலுவலகக் காகிதங்களோடு வாழ்ந்த எனக்கு இந்தக் கற்பனை எந்த முகமூடியைக் காட்டிலும் பயமூட்டியது. உங்கள் விவாதத்தில் இதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

'தி பெங்குவின்' எட்டே பகுதிகள். அதில் செத்தவர்கள் திரும்பிவருவதில்லை. தரம் கூடித் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பேன். பெங்குவினாக நடித்த காலின் ஃபாரெலின் ஒப்பனை எல்லாம் அப்புறம். நான்காவது பகுதியில் சோஃபியா ஃபால்கோனின் பழைய கதை வருகிறது. தந்தை செய்த கொலைகள் மகள் தலையில் கட்டப்படுகின்றன. இவளுக்கு மனநோய் என்று குடும்பத்தார் நீதிபதிக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களை எழுதியவர்களை யாரும் கூண்டில் ஏற்றவில்லை, குறுக்கு விசாரணை செய்யவில்லை. விசாரணை இல்லாமலேயே பத்து ஆண்டுகள் ஆர்க்கமில் கழிகின்றன. சோஃபியாவாக நடித்த கிறிஸ்டின் மிலியோட்டிக்கு 2025இல் எம்மி விருது கொடுத்தார்கள். கடிதங்களைப் பற்றித் தெரியவரும்போது அந்த முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். முத்துமாலையை ஏழை வீட்டில் வைத்ததும் இந்தக் கடிதங்களும் ஒரே வகைக் குற்றம். ரசிகர்கள் இரண்டு தொடர்களையும் ஒப்பிட விரும்பினால் இங்கிருந்து தொடங்கலாம்.

பதிவுக்காக இரண்டு திருத்தங்கள். 'கோதம்' தொடரில் ஜோக்கர் வருவதாகக் கட்டுரைத் தலைப்பிலேயே போட்டிருந்தீர்கள். கேமரன் மோனஹன் நடித்த ஜெரோம், ஜெரமையா என்ற இரட்டையருக்குத் தொடர் ஜோக்கர் என்ற பெயரைச் சூட்டவே இல்லை. அடுத்தது, எல்லாப் பருவங்களும் 22 பகுதிகள் என்று எழுதியிருந்தீர்கள். முதல் நான்கு பருவங்கள்தான் அப்படி, ஐந்தாவது 12.

கடைசியாக ஒரு புகார். 'தி பெங்குவின்' இறுதிப் பகுதியில் யார் யாரைக் கொல்கிறார் என்பதைப் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தீர்கள். கட்டுரைக்குள் எழுதியிருந்தால் படிக்காமல் தாண்டிப் போகலாம். படவிளக்கத்தைத் தாண்டிக் கண் எப்படிப் போகும்? என் அண்ணி இன்னும் ஐந்தாவது பகுதியில்தான் இருக்கிறார். அந்த இணைப்பை நான் அவசரமாகப் பழைய தாள்களோடு கட்டிப் போட்டுவிட்டதால், அதில் இருந்த குறுக்கெழுத்துப் போட்டியை அவர் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார். முடிந்தால் அதை மட்டும் இந்த வாரம் மறுபடி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தர்