ஜாஸ் பேண்ட் பாட்டு செலக்ஷன், சனிக்கிழமை மீட்டிங்

எல்லாருக்கும் வணக்கம் 🙏 பசங்க ஜாஸ் பேண்டுக்கு இந்த டெர்ம் வாசிக்க வேண்டிய 3 பாட்டை வர்ற சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு ஆன்லைன்ல பேசி முடிவு பண்றோம்.

1. ஆளுக்கு 2 பாட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்குள்ள ஆடியோ லிங்க்கோட இங்க போடுங்க.
2. மூணு பாட்டும் மூணு ஸ்டைல்ல வேணும்: ஒரு ஸ்விங், ஒரு ப்ளூஸ், ஒரு லத்தீன் இல்லன்னா ஃபங்க். ஸ்லோ பேலட் ஈஸின்னு நினைச்சு போடாதீங்க, மெதுவா வாசிக்கும்போதுதான் சுருதி விலகுறது பளிச்னு தெரியும், போன தடவை பட்டதே போதும்.
3. முதல் டிரம்பெட் பார்ட்டைக் கண்டிப்பா பாருங்க. மேல் ஸ்தாயிலயே நின்னா பாதிலயே பசங்களுக்கு உதடு களைச்சுடும், அப்புறம் மத்த பாட்டும் போச்சு.
4. ஃபுல் பிக் பேண்ட்னா 17 பேர் (5 சாக்ஸஃபோன், 4 டிரம்பெட், 4 டிராம்போன், ரிதம்ல பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ்னு 4), நம்மகிட்ட 11தான், ஆள் குறைஞ்சாலும் ஓடுற அரேஞ்ச்மென்ட் வேணும்.
5. சோலோ (ஒருத்தர் தனியா வாசிக்கிற பகுதி) சுரமா எழுதியே இருக்கா, இல்ல கார்ட்ஸ் (chords) மட்டும் குடுத்து பசங்களே கற்பனையா வாசிக்கணுமா? சொல்லிடுங்க.

என் ஓட்டு அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனோட 'சி ஜாம் ப்ளூஸ்'க்கு. மெலடில ரெண்டே சுரம், 12 பார் ப்ளூஸ் (12 தாள அளவு திரும்பத் திரும்ப வரும்), முதல் தடவை சோலோ எடுக்கிறவங்களும் பயப்படாம நிக்கலாம்.

சனிக்கிழமை வர்றவங்க 👍 போடுங்க, முடியாதவங்க ஓட்டையாவது முன்னாடியே சொல்லிடுங்க.